லாரிக்கு ஒன்று, டிரைவருக்கு ஒன்று

ஆள் அனுப்பும் பம்பாய் ஏஜென்சியிலிருந்து கடிதம் வந்தபோது அன்னபுஷ்பம் பிள்ளைப்பாக்கத்து வீட்டில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். குவைத்தில் லாரி ஓட்டப் போன அவள் கணவன் தாமஸிடமிருந்து ஏழு மாதமாக ஒரு வரி இல்லை. சண்டை மூண்டதும் உடன் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். தாமஸின் பாஸ்போர்ட் முதலாளியிடம் மாட்டிக்கொண்டதால் அவன் மட்டும் வரவில்லை. சண்டை ஓய்ந்தும் இரண்டு வாரம் ஆகியிருந்தது.

கடிதம் இங்கிலீஷில் இருந்தது. மாமியார் அதைப் பிடுங்காத குறையாக வாங்கி, பக்கத்து வீட்டுக் கோதண்டராமனிடம் கொடுத்தாள். அவர் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் முப்பது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவர். அந்தத் தெருவில் இங்கிலீஷ் என்றால் அவர்தான். படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கியது.

"ஜோர்டான் போற ரோட்ல குண்டு போட்டுக்கிறாங்க. லாரி அழிஞ்சி போச்சாம். டிரைவரு அங்க அம்மான்ங்கற ஊர்ல இருந்தாருன்னு நம்பறாங்களாம்."

"இருந்தாருன்னா?" என்றாள் மாமியார்.

அவர் கடிதத்தை மடித்தார். மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தெரு கூடியது. ஜெபம் பண்ணச் சர்ச் உபதேசியாரை அழைத்துவர யாரோ சைக்கிளை எடுத்தார்கள்.

அன்னபுஷ்பத்துக்கு அழுகை வரவில்லை. அவர் கையிலிருந்த கடிதத்தை வாங்கிப் பிரித்தாள். பத்தாவதோடு நின்றுபோன அவள், முப்பத்தோரு வயதில் பிளஸ் டூ எழுதிவிட வேண்டுமென்று ஸ்ரீபெரும்புதூர் டுடோரியலுக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். கடிதத்தின் நடுவில் இரண்டு வரிகள்:

"The lorry is reported to have been destroyed. The driver, Mr. Thomas, is believed to be in Amman."

இந்த மாதிரி வாக்கியத்தைப் போன வாரம்தான் சசிரேகா மிஸ் போர்டில் எழுதினாள். "People say that he is rich" என்பதை "He is said to be rich" என்று மாற்றினாள். சொன்ன ஜனங்கள் மொத்தமும் வாக்கியத்தை விட்டு வெளியேற, அவன் ஒருவன் முன்னால் வந்து நின்றான். அன்னபுஷ்பம் அன்றைக்கே வாய்பிளந்து பார்த்தாள். நடந்து முடிந்ததற்கு "to have", இப்போது இருப்பதற்கு "to be" என்று மிஸ் சொன்னதை அடிக்கோடிட்டிருந்தாள்.

உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் இரண்டையும் "People" என்று தொடங்கும் பழைய வடிவத்துக்குத் திருப்பி எழுதினாள். லாரி வரியில் "was" வந்தது. தாமஸ் வரியில் "is" வந்தது.

மீண்டும் கடிதத்தைப் பார்த்தாள். அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. முகம் தெரியாத ஒருவன் பம்பாயில் டைப்ரைட்டர் முன் உட்கார்ந்து, அவள் புருஷனை எரிந்த லாரியோடு சேர்க்காமல் தனியே எடுத்து வைத்திருக்கிறான். "be" என்று இரண்டே எழுத்து. அதற்குள் ஓர் ஆள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான்.

"ஐயா, லாரிக்குத்தான் 'have been' போட்டுக்கிறாங்க. அவருக்கு வெறும் 'be'."

"எல்லாம் ஒண்ணுதாம்மா."

"இல்லீங்கய்யா. இருந்தாரு இல்ல. இருக்காரு."

கோதண்டராமன் கடிதத்தை வாங்கி, உதடசைய இன்னொரு முறை படித்தார். பிறகு வாசலைப் பார்த்து, "உபதேசியாரு வர வேணாம்னு சொல்லுங்கப்பா" என்றார்.

ஆனாலும் அவளுக்குத் தன் படிப்பின்மேல் முழு நம்பிக்கை இல்லை. அடுத்த பஸ்ஸில் டுடோரியலுக்கு ஓடினாள். அவளைவிட எட்டு வயது சின்னவளான சசிரேகா இரண்டு வரிகளையும் போர்டில் எழுதி, கீழே மாற்றி எழுதினாள். அதே "was". அதே "is".

சாக்பீஸைக் கீழே வைத்தாள் சசிரேகா. "ரெண்டு வருஷமா இத மார்க்குக்குத்தான் சொல்லிக் குடுத்தேன் அக்கா. இதுக்குள்ள இவ்ளோ இருக்குன்னு தெரியாது." பிறகு தயங்கி, "நம்பறாங்கன்னுதான் இருக்கு. உறுதின்னு இல்ல" என்றாள்.

"தெரியும் மிஸ். நம்பறதும் இன்னிக்கி, இருக்கறதும் இன்னிக்கி. எனக்கு அது போதும்."

ஏப்ரல் கடைசியில் ஒரு மத்தியானம் தாமஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தான். இடது கை முழங்கை வரை கட்டு, பாதியாக இளைத்த உடம்பு. மாமியார் அவன் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. அவன் தண்ணீர் கேட்டான். ஒரு சொம்பு போதவில்லை. அன்னபுஷ்பம் குடத்தையே தூக்கி வந்தாள். அவன் அண்ணாந்து குடிக்கும்போது தொண்டை ஏறி இறங்குவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.