ஏழாம் எண் முயலின் எடை

கால்நடை மருத்துவப் படிப்பின் கடைசி ஆண்டில் ஒரு மாதம் வெளியே பயிற்சிக்குப் போக வேண்டும். தோழிகள் மாட்டுப் பண்ணைக்கும் குதிரை லாயத்துக்கும் போனார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே பார் என்று உம்மா சொல்லிவிட்டதால் நான் காயல்பட்டினத்தில் பஸ் ஏறி, முத்தையாபுரத்தில் ஒரு மருந்து ஆய்வுக்கூடத்துக்குப் போய் வந்தேன். கடல் பஞ்சிலிருந்து எடுத்த மூட்டுவலி மருந்தை அங்கே பன்னிரண்டு முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்.

துபாயிலிருந்து வாப்பா போனில் கேட்டார். “என்ன ருமைஸா, முயலுக்கு வைத்தியம் பாக்குதியா?”

“ஆமா வாப்பா” என்றேன். வேறென்ன சொல்ல?

அங்கே முயல்களுக்கு இருந்த ஒரே சலுகை ஒரு விதி. எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால், அதற்கு மேல் துன்பப்பட விடாமல் ஊசி போட்டு முடித்துவிட வேண்டும். இரண்டரைக் கிலோவாக வந்த ஏழாம் எண் முயலுக்கு எல்லை இரண்டு கிலோ. ஒரு திங்கட்கிழமை காலை அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது கிராம் காட்டியது.

கூண்டு கழுவும் இசக்கியப்பன் அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். ஆற்றங்கரை நெல்வயல் ஊர்க்காரர். மூங்கில் குழாயில் மாட்டுக்கு மருந்து புகட்டிப் பழகிய கை.

“எழுதாதிய டாக்டரம்மா. இருபது கிராமுக்கு ஒரு உசுரா? கொஞ்சம் எளநி புகட்டுனா தேறிரும்.”

தேறாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஊசி இல்லாத சிரிஞ்சைக் கடைவாயில் வைத்துப் புகட்டும் விதத்தை நான்தான் காட்டிக்கொடுத்தேன். அறுபது மில்லி இளநீர், அறுபது கிராம் எடை. இரண்டு கிலோ நாற்பது என்று எழுதினேன். சந்தோஷமாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

செவ்வாய், புதன், வியாழன் என்று இளநீரின் அளவு ஏறிக்கொண்டே போனது. ஏழாம் எண் கண்ணைப் பாதி மூடி, முதுகைக் கூனி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு மூலையில் கிடந்தது.

“பல்லக் கடிச்சி அசை போடுது பாத்தியளா? பசி எடுத்துட்டு” என்றார் அண்ணாச்சி.

முயல் அசை போடாது. வலி தாங்காமல்தான் பல்லைக் கடிக்கும். இதற்குத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அட்டையில் வலி ‘லேசானது’ என்று எழுதி வைத்தேன். அவரிடம் வாய் திறக்கவில்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மேலதிகாரி டாக்டர் பானுப்ரியா வந்தார். முயலின் முகத்தைப் பார்த்ததுமே தூக்கித் தராசில் வைத்தார். காலையில் நான் எழுதியது இரண்டு கிலோ பத்து. இப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது. தாடை மயிரில் இளநீர் காய்ந்து ஒட்டிக் கிடந்தது.

“என்னைக்கு முடிச்சிருக்கணும்?”

“திங்கட்கிழமை, மேடம்.”

“அப்ப இந்த மூணு நாளும் அது யாருக்காக வலிய அனுபவிச்சுது?”

அவர் திட்டியிருந்தால் தேவலை. ஊசியை என் கையில் கொடுத்தார். அண்ணாச்சி முயலைப் பிடித்துக்கொண்டார். காது நரம்பு வற்றிப் போயிருந்ததால் முதல் இரண்டு குத்தும் தவறின. மூன்றாவது முறை நரம்பு கிடைத்தது. பல் கடிக்கும் சத்தம் நின்றது.

“நல்லதுனு நெனச்சில்லா செஞ்சோம்” என்றார் அண்ணாச்சி. அப்போதும் அசை போடுதல் பற்றி நான் சொல்லவில்லை. அவராவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்று நினைத்தேன். அதுவும் திங்கட்கிழமை இளநீர் புகட்டும்போது நினைத்த நல்லது மாதிரிதான்.

பொய் எடை கலந்ததால் அந்தச் சோதனையே செல்லாது என்று முடிவானது. மருந்து ஏறிய முயல் மறு சோதனைக்கு ஆகாது என்பதால், மிச்சமிருந்த பதினொன்றையும் அன்று மாலையே முடித்தோம்.

அடுத்த புதன்கிழமை வேன் வந்தது. அண்ணாச்சி பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். பன்னிரண்டு முயல்கள். மறுபடி முதலிலிருந்து. ஏழாவதைத் தராசில் வைத்தபோது அது என் விரலை நக்கியது.

எடையை எழுதினேன். கிராம் பிசகாமல் எழுதினேன்.