சேவ் பண்ணாத புரோகிராம்

யாழ்ப்பாணத்து அடையாள அட்டையைக் கண்டாலே சண்முகலிங்கத்துக்கு முகம் கோணும். அவரும் அந்த ஊர்க்காரர்தான். கொழும்பு வெள்ளவத்தையில் கொம்பியூட்டர்க் கொம்பனி திறந்த கையோடு அதை மறந்துவிட்டார். வேலை கேட்டு வந்த ஜெகதீஸ்வரியின் அட்டையை மேசையில் எறிந்தார்.

"பாஸ்கல் மொழியிலை ஒரு ஸ்டாக் புரோகிராம் எழுதும். பத்து இலக்கம் அடுக்கவேணும், கடைசியா வைச்சது முதல் வெளியிலை வரவேணும். கெதியா எழுதும், பத்து மணிக்குக் கரண்ட் கட்."

தொண்ணூற்றாறாம் ஆண்டு; நாளுக்கு எட்டு மணித்தியாலம் கரண்ட் இல்லை. அவளுக்கோ வேலையைவிட வேலைக் கடிதம்தான் பெரிது. வடக்கிலிருந்து வந்தவர்கள் தங்குவதற்கான பொலிஸ் பதிவு நாளையோடு முடிகிறது. கடிதம் இல்லாவிட்டால் கொழும்பில் இருக்க விடமாட்டார்கள்.

ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டினாள்.

"கோழி கொத்துற மாதிரி" என்று சிரித்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தாள்.

அவர் ஓட்டிப் பார்த்தார். பத்தும் ஏறின. வேண்டுமென்றே பதினோராவதைக் கொடுத்தார். இடமில்லை என்றது திரை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இன்னும் ஒன்று கேட்டார், ஒன்றுமில்லை என்றது. சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு கடைக்கு அவர் விற்ற புரோகிராம் இப்படி நிறையும்போதும் வெறுமையாகும்போதும்தான் நாள்தோறும் நின்றுபோய் அவருடைய மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

"சேவ் பண்ணினீரோ?"

"அப்பிடியெண்டா?"

யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத ஆறு வருடத்தில் அவள் பாஸ்கல் படித்தது முழுக்கக் கொப்பியில். கொப்பியில் எழுதியது கரண்டோடு போவதில்லை.

"கொம்பியூட்டரே தொடாதது வேலை கேட்டு வந்திட்டுது! எழும்பும். போக முதல் அதைக் கடதாசியிலை எழுதி வைச்சிட்டுப் போம்."

என்ன துணிவு இந்த மனுசனுக்கு! ஒரு வெட்டுக்கொத்து இல்லாமல் எழுதினாள். அவர் கை நீட்ட, கடதாசியை மடித்துப் பிடித்துக்கொண்டாள்.

"முதல் கடிதம், சேர்."

முறைத்தார். பிறகு கொம்பனித் தாளில் நாலு வரி கிறுக்கி, சீல் குத்தித் தள்ளினார். கூட்டித் துடைக்கும் வேலைக்கு எடுத்திருக்கிறோம் என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"பொலிசுக்கு இது காணும். உமக்கும் காணும்."

அவளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. ஆனாலும் சீல் சீல்தான். கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்தாள். மடித்த கடதாசியையும் அதோடு சேர்த்து வைத்தாள்.

"எங்கை புரோகிராம்?"

"கூட்டுறவளுக்கு என்ன புரோகிராம் தெரியும், சேர்?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினாள்.