யோம்தோவ் என்று கூப்பிட ஒரு பிள்ளை

யோம்தோவ் என்பது என் தாத்தாவின் பெயர். அந்தப் பெயர் சூட்டிய ஒரு பிள்ளையைக் கண்மூடுவதற்குள் மடியில் போட்டுக் கொஞ்ச வேண்டும். அதைத் தவிர அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. துருக்கியின் இஸ்மிர் நகரத்திலிருந்து வந்த யூதர்களான எங்களுக்குள் அதுதான் வழக்கம். தாத்தா இருக்கும்போதே அவர் பெயர் பேரனுக்குப் போகும். அவருக்கு அது வாய்க்கவில்லை. ஒரே மகனான என் அப்பா, பெண்ணான என்னை மட்டும் பெற்றுப் போட்டுவிட்டு இளம் வயதிலேயே போய்ச் சேர்ந்தார். தாத்தாதான் புவனோஸ் அயர்ஸ் தெருக்களில் வீடுவீடாகத் துணி விற்று என்னை வளர்த்தார்.

நான் கட்டிக்கொண்டதோ போலந்து யூதர் வீட்டு மார்க்கோஸை. அவர்கள் செத்தவர் பெயரைத்தான் பிள்ளைக்கு வைப்பார்கள். எனக்கு மகன் பிறந்ததும் மாமியார் ஃப்ரூமா, தாத்தாவை வைத்துக்கொண்டே ஆரம்பித்துவிட்டாள்.

"இருக்கறவர் பேர வெச்சா மரண தூதன் ஆள் மாத்திக் கொழந்தையத் தூக்கிட்டுப் போயிடுவான். வேணவே வேணாம்."

தாத்தா சிரித்தார். "என்ன சம்பந்தியம்மா, உங்க போலந்துத் தூதனுக்குக் கண்ணு அவ்ளோ மோசமா? எங்க இஸ்மிர்க்காரனுக்குக் கெழவன் யாரு, கொழந்த யாருன்னு நல்லாவே தெரியும்."

"சிரிங்க. என் தம்பிய அப்படித்தான் பறிகொடுத்தோம்."

தாத்தா சிரிப்பை நிறுத்திவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் போனபிறகு மார்க்கோஸ் என்னிடம், "தாத்தா பேருதான். நான் பாத்துக்கறேன்" என்றான். நம்பினேன்.

எட்டாம் நாள் விருத்தசேதனம். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளும் மரியாதை தாத்தாவுக்கு. பெயர் சொல்லும் நேரத்தில் மார்க்கோஸ் சடங்கு செய்பவரின் காதில் ஏதோ சொன்னான். அவர் உரக்க அறிவித்தார்: "லெயிப்!"

ஃப்ரூமாவின் செத்துப்போன அப்பாவின் பெயர் அது. ஆமென் சொல்லத் திறந்த தாத்தாவின் வாய் அப்படியே நின்றது. பிறகு எல்லோருக்கும் பின்னால் தனியாகச் சொன்னார், "ஆமென்."

"அம்மா அழுதாங்க லூனா" என்றான் மார்க்கோஸ். அவன் முகத்தில் விழிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. தாத்தாதான் தடுத்தார். "சண்டை போடாதடி. பயந்த சனங்க. அடுத்தது பொறக்காமலா போயிடும்?"

அடுத்தது வயிற்றில் மூன்று மாதமாக இருக்கும்போது அவர் போய்விட்டார். துக்க வீட்டில் தரையில் உட்கார்ந்திருந்த என் கையை ஃப்ரூமா பிடித்துக்கொண்டாள்.

"இனிமே ஒரு தடையும் இல்லம்மா. பையனாப் பொறந்தா அவர் பேரையே தாராளமா வெச்சுக்கலாம்."

ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அவள் கன்னத்தில் ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது.

பையனேதான் பிறந்தான். யோம்தோவ் என்றே வைத்தார்கள். ஃப்ரூமாதான் எல்லோரையும்விட உரக்க ஆமென் சொன்னாள். நான் அவனைக் கண்ணா என்று கூப்பிடுகிறேன், ராஜா என்று கூப்பிடுகிறேன். அந்தப் பெயர் மட்டும் வாயில் வரமாட்டேன் என்கிறது.

"நீ மட்டும் ஏம்மா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல? என் பேரு உனக்குப் பிடிக்கலையா?" என்று நேற்றுக் கேட்டான்.

"வாடா ராஜா" என்று அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.