பதினாறாவது பெட்டி

1

இந்தக் கதையைத் தேடி நான் எங்கும் அலையவில்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்கப் போன இடத்தில் அது என் வாளிக்குள் வந்து விழுந்தது. நிஜமாகவே விழுந்தது. பத்து நாளாக அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விழித்துக்கொண்டிருக்கிறேன்.

[அந்தப் பெரிய கடையின் நான்காவது வரிசையில் இரண்டு பெண்கள், தங்கள் விதி அங்கே காத்திருப்பதை அறியாமல்— வேண்டாம். தாழ்ப்பாளும் ஆணியும் விற்கிற இடத்தில் விதிக்கு என்ன வேலை?]

[பெட்டிகளைத் தேர்ந்தெடுப்பதென்பது ஒருவகையில் வாழ்க்கையையே— ஐயோ, இதுவும் வேண்டாம். கட்டுரைப் போட்டிக்கா எழுதுகிறேன்?]

நேராகவே சொல்லிவிடுகிறேன். இரண்டு பெண்கள் தங்கள் பட்டறைக்குப் பெட்டி வாங்க வந்தார்கள். பதினாறு எடுத்தார்கள். வீடு போய்ச் சேர்ந்தது பதினைந்துதான்.

2

அவர்கள் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். வீட்டின் முன்னறையில் பதினோரு வருடமாகத் தையல் மெஷின் பழுது பார்க்கிறார்கள். என் வீட்டு மெஷினும் அங்கேதான் போகும்.

பெரியவள் மெஷினைத் திறக்க மாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு சக்கரத்தை நாலு சுற்றுச் சுற்றுவாள், காதைச் சாய்ப்பாள். "கீழ ஷட்டில்ல நூல் சிக்கியிருக்கு" என்பாள். சின்னவள் திறந்து பார்த்தால் நூல் அங்கேதான் இருக்கும். பெரியவளின் விரல்களுக்குள் சின்னத் திருகு நிற்காது, உருண்டோடிவிடும். சின்னவளோ எந்த மெஷினைக் கேட்டாலும் "சத்தம் வருதுக்கா" என்பதற்குமேல் ஒன்றும் சொல்லத் தெரியாதவள். ஒருத்தியின் காதும் இன்னொருத்தியின் கையும் சேர்ந்து ஒரு மெக்கானிக். இதை அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள்.

(முதல் பிரதியில் சின்னவளை அழுத்தக்காரியாக எழுதியிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லாமல் காரியத்தை முடிப்பவள் என்று. படித்துப் பார்த்தபோது எனக்கே பொறுக்கவில்லை, கிழித்துப் போட்டுவிட்டேன். சொல்ல முடியாதவளுக்கும் சொல்லாதவளுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.)

3

இதுவரை உதிரிபாகங்கள் பிஸ்கட் டப்பாக்களிலும் ஐஸ்கிரீம் டப்பாக்களிலும் கிடந்தன. ஊசி தேடினால் ஸ்பிரிங் கிடைக்கும், ஸ்பிரிங் தேடினால் போன வருடம் தேடிய ஊசி கிடைக்கும். அதனால்தான் வந்தார்கள்.

பெரியவளுக்குக் கண்டதும் பிடித்துப்போனது நாற்பது இழுப்பறை வைத்த இரும்பு அலமாரி. சின்னவள் நின்றதோ பிளாஸ்டிக் பெட்டிகளின் முன்னால். ஒன்றின் பக்கத்தில் ஒன்றை மாட்டலாம், மேலே அடுக்கலாம், வேண்டாதபோது கொக்கியை விடுவித்துத் தனியே தூக்கிக்கொண்டு போகலாம்.

"அலமாரின்னா சுவத்துல அடிச்சிடணும். அப்புறம் நகர்த்த முடியாதுக்கா."

"எதுக்கு நகர்த்தணும்? பட்டறை எங்க போகப் போகுது?"

சின்னவள் பெட்டிகளை எடுத்து வண்டியில் அடுக்கினாள். பெரியவள் விட்டுக்கொடுத்தாள். சின்னவள் ஆசைப்பட்டுக் கேட்டால் விட்டுக்கொடுப்பது அவள் வழக்கம்.

வண்டியைத் தள்ளும்போதுதான் பெரியவள் கவனித்தாள். ஊசிக்கு இரண்டு பெட்டி. பாபினுக்கு இரண்டு. திருகுக்கு, ஸ்பிரிங்குக்கு, பெல்ட்டுக்கு, எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு. எட்டு வகை, பதினாறு பெட்டி.

"ஊசிக்கு எதுக்கும்மா ரெண்டு?"

"இருக்கட்டும்க்கா. ஒண்ணு நிறைஞ்சா இன்னொண்ணு."

பதினோரு வருடத்தில் ஊசி ஒரு டப்பாவைக்கூட நிறைத்ததில்லை. ஆனால் பெரியவளைக் கலக்கியது அதுகூட இல்லை, சின்னவளின் குரல். நன்றாக ஓடும் மெஷினில் எங்கோ ஒரு சக்கரப் பல் தட்டுவதுபோல ஒரு தட்டல். இவள் பங்கு பிரிக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கேட்டுவிடலாம். கேட்டால் பதில் வந்துவிடும். வண்டியைத் தள்ளிக்கொண்டே போனாள்.

(அவள் மனசுக்குள் ஓடியது உனக்கெப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். தெரியாது. என்னிடம் அவள் பேசியது அடுத்த பகுதியில் வரும் கொஞ்சம் வார்த்தைகள்தான். மீதியை நான் இட்டு நிரப்பினேன். இந்தத் தொழிலில் அதற்கு அனுமதி உண்டு என்று சொல்லிக்கொள்கிறோம்.)

4

பில் போடும் வரிசையில் சின்னவள் முன்னால் நின்றாள். பெரியவள் வண்டியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள், திரும்பினாள், பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள். நான் வாங்க எடுத்திருந்த வாளிக்குள் அதைப் போட்டு, உள்ளே கிடந்த கால்மிதியை மேலே இழுத்து மூடினாள்.

"அவ கேட்டா பார்க்கலன்னு சொல்லுங்க அண்ணா."

"என்னம்மா இது?"

"பதினஞ்ச ரெண்டாப் பிரிக்க முடியாதுல்ல" என்றாள். குழந்தைத்தனமான பேச்சு என்று அவளுக்கே தெரிந்திருந்தது. கண் நிறைந்துவிட்டதால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடைக்காரர் எண்ணிப் பதினைந்து என்றதும் சின்னவள் நான்காவது வரிசைக்கு ஓடினாள். அந்த அளவில் என் வாளியில் இருந்ததுதான் கடைசி. அலமாரித் தட்டு காலி. திரும்பும் வழியில் என்னிடம் நின்றாள்.

"இதே மாதிரி ஒரு பெட்டி எங்கயாவது பார்த்தீங்களா அண்ணா?"

"பார்க்கலையேம்மா."

பொய் சொல்லி முடித்ததும் வாளி கனத்தது. அவள் போகவில்லை. பெரியவள் கல்லாவில் நிற்பதைப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள்:

"மாசக் கடைசில நாங்க வேற ஊருக்குக் கிளம்பறோம். அவருக்கு அங்க வேலை கிடைச்சிருக்கு, அவங்க அண்ணன்கிட்டகூட இன்னும் சொல்லல. அக்காகிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல. தினமும் காலைல சொல்லிடணும்னு வர்றேன், அவங்க சக்கரத்தைச் சுத்த ஆரம்பிச்சதும் வாய் அடைச்சிடுது. நீங்க சொல்லிடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். ஐந்து நிமிடத்தில் இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு அந்தப் பெட்டிக்கும் சேர்த்துப் பணம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

5

ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன்.

[சின்னவளும் பெரியவளுக்குத் தெரியாமல் ஒரு பெட்டியை எடுத்து வைத்துவிடுகிறாள். வீட்டில் இருவரும் பதினைந்தை எதிர்பார்த்து எண்ணுகிறார்கள். பதினான்கு வருகிறது. ஒருவரையொருவர் பார்த்து—]

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி நடக்கவில்லை. சின்னவள் எதையும் எடுத்து வைக்கவில்லை. போகத்தான் போகிறாள், போகாமலும் முடியாது.

இன்னொன்று. [நான் பெட்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய், உண்மையைச் சொல்லி—] இதுவும் நடக்கவில்லை. இரண்டு முறை தெருமுனை வரை போனேன். உள்ளே சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டது, திரும்பிவிட்டேன். சின்னவளின் வாய் அடைப்பதைப் பற்றி எழுதுகிறவனுக்கும் வாய் அடைத்துவிட்டது.

பெரியவளுக்குத் தெரியும். தெரியும் என்பது சின்னவளுக்குத் தெரியாது. புதுப் பெட்டிகளில் ஊசியும் பாபினும் பிரித்துப் போட்டுக்கொண்டு, அதைப் பற்றி மட்டும் பேசாமல், இருவரும் ஒரே அறையில் நாளைக் கடத்துகிறார்கள். எனக்குத் தாங்க முடியாதது இதுதான். பிரிவு வரட்டும், வேறு வழியில்லை. கடைசி நாட்களும் இப்படியா வீணாகவேண்டும்?

6

ஒரு விவரம் பாக்கி இருக்கிறது. வாரப் பத்திரிகை வந்தால் சின்னவள்தான் சத்தமாக வாசிப்பாள். பெரியவள் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டபடி கேட்பாள். என் கதை வந்தால் முதலில் அதைத்தான் வாசிப்பார்கள், பிறகு மெஷின் கொண்டுபோகும்போது குறை சொல்வார்கள்.

இதை அந்தப் பத்திரிகைக்குத்தான் கொடுக்கிறேன். அடுத்த வாரமே போட்டுவிடும்படி கேட்டிருக்கிறேன். மாதம் முடிய அதன் பிறகும் பன்னிரண்டு நாள் இருக்கும். இரண்டு பேருக்கும் கொடுத்த வாக்கை ஒரே கதையில் உடைத்துவிட்டேன். இதற்காக அவர்கள் என்னோடு பேசாமல் போனால், அது நியாயம்தான்.

வேறு யாராவது இதை வாசித்துக்கொண்டிருந்தால், என்னை மன்னியுங்கள். முடிவை உங்கள் கையில் கொடுப்பதுதான் வழக்கம். இந்த முறை அது முடியாது, முடிவு இன்னொருத்தியுடையது.

வாசிப்பது நீ என்றால், ம்மா, நான்காவது பகுதிக்கு வந்தபோதே உன் குரல் மாறியிருக்கும். அதை உன் அக்கா கேட்டிருப்பாள், எண்ணெய் விடுவதை நிறுத்தியிருப்பாள். அங்கேயே நீ நிறுத்தாமல் இவ்வளவு தூரம் வாசித்துவிட்டாய் என்றால், இனி என்னிடம் வரி இல்லை. பத்திரிகையைக் கீழே வை. மீதியை நீயே அவளிடம் சொல்லம்மா.