சண்டையும் பொறுமையும்

அந்த ரயில் நிலையத்தில் பதினெட்டு வருடம் அறிவிப்பாளராக இருந்தவள் அவள். வண்டி தாமதம் என்பதைக்கூடக் கேட்பவர் கோபப்படாதபடி சொல்லத் தெரிந்த குரல். தொண்டையில் வளர்ந்த கட்டியை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். கட்டி போனது, கூடவே குரலும் போனது.

“ஆறு மாசத்துல திரும்பிடும்” என்றார் டாக்டர். ஆறு மாதம் ஒரு வருடமானது. ஒலிபெருக்கி அறைக்கு வேறொரு பெண் வந்தாள். இவளைத் தொலைந்த பொருட்கள் பிரிவுக்கு மாற்றினார்கள். கண்ணாடி, கைப்பை, ஒற்றைச் செருப்பு என்று ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி ஒட்டுகிற வேலை.

அவள் கணவன் பஸ் டிரைவர், சரியான வாயாடி. “கல்யாணமான நாள்லேருந்து இப்பதான் எனக்குப் பேச சான்ஸ் கிடைச்சிருக்கு” என்று வருகிறவர்களையெல்லாம் சிரிக்கவைப்பான். அவளும் சிரிப்பாள், சத்தமில்லாமல். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் பத்து நிமிடம் கண்ணை மூடிக் கடவுள் முன் உட்காருவாள். “என்ன பொறுமை இவளுக்கு!” என்பார்கள் உறவுக்காரர்கள்.

இரண்டாவது வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி உலர்த்திவிட்டு வந்தவள் சமையலறை வாசலில் நின்றுவிட்டாள். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அவன் அழுதுகொண்டிருந்தான்.

“என்னதான் கேட்டேன் கடவுளே? அவ ஒரு தடவை ‘ஏங்க’ன்னு கூப்பிடணும். அதுகூடவா உனக்குக் கஷ்டம்?”

அவள் போய்க் குழாயை மூடினாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“உனக்குக் கோபமே வராதா? எப்படித்தான் தாங்குறே?”

அவள் நோட்டை எடுத்து எழுதிக் காட்டினாள்: ‘யார் சொன்னது? தினமும் காலையில சண்டைதான் போடுறேன். அவர்கிட்டதான் போடுறேன். கேட்டுக்கிட்டிருக்கார்னு தோணுது. அதனாலதான் மறுநாளும் போய் உட்கார்றேன்.’

அவன் இரண்டு முறை படித்தான். “சண்டைக்கு நானும் வரட்டுமா?” என்றான்.

மறுநாள் முதல் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். எதுவும் நடக்கவில்லை. மாதக்கணக்கில் எதுவும் நடக்கவில்லை. சில காலைகளில் அவளுக்கு எழுந்திருக்கவே மனம் வராது. அன்று அவன் முதலில் போய் உட்கார்ந்து காத்திருப்பான்.

மூன்றாவது வருடம் ஒரு காலையில், அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்து அவள் பதறினாள்.

“ஏங்க, பால்!”

எண்ணெய் காணாத கதவு போலக் கரகரத்த சத்தம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். பால் முழுக்க வழிந்து அடுப்பே அணைந்துபோனது.

டாக்டர் பரிசோதித்துவிட்டு, “இவ்வளவுதான் வரும். பழைய குரலை எதிர்பார்க்காதீங்க” என்றார். வெளியே வந்ததும் அவள் படியில் உட்கார்ந்து அழுதாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதும், “நாளைக்கும் சண்டை உண்டா?” என்று கேட்டான்.

“உண்டு” என்றாள். “நன்றியும் சொல்லணும். ரெண்டும் சேர்த்தா பதினஞ்சு நிமிஷமாவது ஆகும்.”

திங்கட்கிழமை அலுவலகத்தில் போன் அடித்தது. அவளே எடுத்தாள்.

“தொலைந்த பொருட்கள் பிரிவு, சொல்லுங்க.”

“சார், புத்தகப் பையை வண்டியிலேயே விட்டுட்டேன் சார்” என்றது ஒரு பெண் குரல்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த முறை சத்தத்தோடு வந்தது.

“சார் இல்லம்மா, மேடம். பை என்ன கலர்?”