ஆகஸ்டில் மூடும் விரிசல்

ரெமி இரும்புக் கம்பியால் சுரங்கச் சுவரைத் தட்டினான். கணீரென்றது. ஓரடி தள்ளித் தட்டினான். அங்கேயும் கணீர்தான்.

"கேட்டியா அக்கா? கல்லாட்டம் இருக்கு."

"கல்லுதானேடா அது," என்று மேஸ்திரி பெர்த்ரான் சிரித்தார்.

ஒதீலுக்குச் சிரிப்பு வரவில்லை. பிப்ரவரியில் இந்தச் சுவரிலிருந்துதான் ஒரு பாளம் உரிந்து அவள் கணவன் லூசியான் மேல் விழுந்து அவன் உயிரைக் குடித்தது. நின்றுபோன வேலை நாளை மறுபடி தொடங்குகிறது. அவன் இடத்துக்கு அவள் தம்பி ரெமி வருகிறான். அதற்கு முன் குடும்பத்தாரை அழைத்து, சுரங்க வாசலில் இருக்கும் காவல் புனிதர் பார்பராவின் சிலைக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவது சுரங்கக்காரர்கள் வழக்கம். மற்றவர்கள் ஒயின் கோப்பையோடு வெளியிலேயே நின்றுவிட்டார்கள். அவள்தான் உள்ளே போயே ஆகவேண்டும் என்றாள்.

ஜுரா மலையின் இந்தக் களிமண் பாறை ஏடு ஏடாக அடுக்கியது போல இருக்கும். குறுக்கே குடைந்தால் ஓரளவு தாங்கும். இந்தக் கிளைச் சுரங்கமோ ஏடுகளின் போக்கிலேயே போகிறது. உள்ளே வெற்றிடமானதும் பக்கச்சுவரின் ஏடுகள் பிடிப்பில்லாமல் வளைந்து பிரியும். லூசியான் அடுக்கு ரொட்டிக்குள் கத்தியைச் செருகிக் காட்டுவான். வெயில்காலத்து ஈரக்காற்றில் களிமண் ஊறி விரிசல் மூடிக்கொள்ளும், குளிரில் காய்ந்து திறக்கும் என்பான். "உங்க அம்மாவை விடத் தேவலை. இது ஆறு மாசமாவது வாயை மூடிக்கிட்டு இருக்கும்."

பாளம் உரிந்த பள்ளத்தின் ஓரத்தில் அதே விரிசல் மேலே நீண்டு போயிருந்தது. மார்ச்சில் அதில் விரல் நுழைந்ததாம். இப்போது ஆகஸ்டில் தேடினாலும் தெரியவில்லை.

எப்போது ஆணி அடித்துக் கம்பிவலை போடுவீர்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டாள். இந்தப் பாறையை ஆராய வந்த ஆய்வுக்காரர்கள் சுவரை வெறுமனே விட்டு விரிசலை அளவெடுக்கிறார்கள், புது வருஷம் கழியட்டும் என்கிறார்கள் என்றார். அளவு எல்லாம் பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டதில் அவர்களுக்குச் சந்தோஷமாம். சொல்லிக்கொண்டே சுவரில் 'சரி' என்று குறிக்கச் சட்டைப்பையிலிருந்து சாக்கட்டியை எடுத்தார்.

"போன ஆகஸ்ட்ல அவரும் தட்டிப் பாத்தாரு," என்றாள் ஒதீல். "வீட்டுக்கு வந்து சொன்னாரு. மணி மாதிரி கேட்டுச்சாம்."

காற்றிழுக்கும் குழாய் ஆற்றங்கரையின் ஈரத்தை உள்ளே கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தது. பெர்த்ரானின் சாக்கட்டி சுவரைத் தொடாமல் நின்றது.

ரெமி கையுறையைக் கழற்றினான். பள்ளத்தின் விளிம்பிலிருந்து மேலே நகத்தால் தடவிக்கொண்டே போனான். ஒரு இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு தட்டுப்பட்டது. நகம் நுழையவில்லை. விளக்கை அருகே கொண்டுவரச் சொல்லி, மறுபடியும் அழுத்திப் பார்த்தான்.