ஓடையின் இக்கரை வரை

தொலூக்கா ரயில் நிலையத்தில் நின்றிருந்த ஜனாதிபதியின் பெட்டியில், காலை எட்டு மணிக்கு, ஜனாதிபதி எலூதேரியோ முத்திரைத்தாள் தேடிக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்கு அவருடைய மச்சினன் நபோரைச் சுடப்போகிறார்கள். அவர் மனைவி தொமித்திலா சோளக்கஞ்சிக் கிண்ணத்தை மேஜைமேல் ணங்கென்று வைத்தாள். மனுஷன் நிமிரவே இல்லை. இருக்கிற தாளெல்லாம் விரட்டப்பட்ட ஆட்சியின் முத்திரை குத்தியதாம். அதில் மன்னிப்பு உத்தரவு எழுதினால் செல்லாதாம். உயிர் போகிற நேரத்தில் தாளுக்கு வயசு பார்க்கிற இந்த ஆளைக் கட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருஷமாக மாரடிக்கிறோமே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நபோர் செய்த குற்றம்தான் என்ன? அவன் தந்திக்காரன். எதிரிப் படை பிடித்து வைத்திருந்த அடுத்த ஸ்டேஷனின் தந்திக்காரன் அவனுடைய பழைய சிநேகிதன். அந்தச் சிநேகிதனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. எத்தனை கிலோ என்று இவன் கேட்க, மூன்றே கால் என்று அவன் பதில் அடிக்க, அதை ஏதோ பீரங்கிக் கணக்கு என்று எடுத்துக்கொண்டார் தங்கள் படையின் ஜெனரல் லிப்ராதோ. விசாரணை ஒரு சுருட்டு எரிகிற நேரம்கூட நடக்கவில்லை.

எலூதேரியோ ஜனாதிபதியான கதை இதைவிடக் கூத்து. ஊரில் வேலித் தகராறும் உயிலும் எழுதிப் பிழைத்த வக்கீல் அவர். பழைய சர்வாதிகாரி காலத்தில் நூற்பாலைத் தொழிலாளர்கள் வழக்கை எடுத்து நடத்தப்போய் எட்டு மாதம் உள்ளே இருந்தார். வெளியே வந்தபோது பெயர் கிடைத்திருந்தது. அந்தப் பெயர் அவரைப் புரட்சி மாநாட்டுக்குக் கூட்டிப்போனது. அங்கே ஜெனரல்கள் ஒருத்தர் சொன்ன பெயரை இன்னொருத்தர் அடித்துக்கொண்டே வர, கடைசியில் யாருக்கும் பயமில்லாத ஒரே ஒரு பெயர் மிஞ்சியது. தலைநகரத்து அரண்மனையில் ஐந்து வாரம் இருந்தார்கள். அதற்குள் எதிரி நெருங்கிவிட, அரசாங்கம் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறியது. இப்போது மூன்று பெட்டிகளும் ஒரு தட்டச்சு இயந்திரமும்தான் நாடு. இதில் முறை வேறு பார்க்கிறார்.

"வெறுந்தாள்ல எழுதுங்க. எழுதிக் கையெழுத்துப் போடுங்க," என்றாள் தொமித்திலா.

அவர் இழுப்பறையை மெதுவாக மூடினார். "போட்டுடலாம் தொமி. அந்தாளு அதைக் கசக்கித் தூக்கிப் போட்டுட்டான்னா? அதுக்கப்புறம் எங்கிட்ட என்ன இருக்கு?"

ஆக, தாள் இல்லாமல் இல்லை. தன் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் காலையிலிருந்து இழுப்பறை இழுப்பறையாகத் துழாவிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பாவமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது.

"போடலைன்னா மட்டும் என்னங்க இருக்கு?" என்று கேட்டு, தொப்பியை எடுத்து அவர் தலையில் வைத்தாள்.

ஆலை முதலாளி விட்டுவிட்டு ஓடிய வீட்டில் ஜெனரல் லிப்ராதோ தங்கியிருந்தார். வெறுந்தாளில் எழுதிய உத்தரவை வாங்கினார், படிக்கவில்லை, நாலாக மடித்துக் காப்பிக் குவளைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நாலு வருஷத்தில் எத்தனையோ ஜனாதிபதிகளைப் பார்த்தாயிற்று என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வானிலை சொல்கிற மாதிரி சொன்னார். திறந்திருந்த கதவு வழியே முற்றம் தெரிந்தது. நபோர் சுவரோரமாகக் கைகள் கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தான். யாரோ அவன் தலையை வாரிவிட்டிருந்தார்கள்.

ஜெனரல் எலூதேரியோவை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க நிஜமாவே வக்கீலாய்யா?"

ஆமாம் என்றதும் ஒரு தகரப் பெட்டி வந்தது. உள்ளே ஜெனரலுடைய கிராமத்தின் நிலப் பட்டயம். இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஸ்பெயின் ராஜா கொடுத்தது. இந்தச் சண்டை முழுக்க அதைத் தலைமாட்டில் வைத்துத்தான் படுக்கிறாராம். "ஓடை எங்களுதுன்னு இதுல இருக்குன்னு எங்கப்பன் சொன்னான், அவங்கப்பன் சொன்னான். பண்ணைக்காரன் இல்லைங்கறான். எங்கள்ல யாருக்கும் படிக்கத் தெரியாது. படிச்சுச் சொல்லுங்கய்யா. இருந்தா உங்க மச்சினனைக் கூட்டிட்டுப் போங்க."

எலூதேரியோ கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வரிக்கு அடியில் விரலை ஓட்டிப் படிப்பது அவர் வழக்கம். விரல் நகர்ந்தது, நகர்ந்தது, நின்றது. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், பின்னால் ஒன்றுமில்லை. அவருடைய நகல்களை எழுதியே பழகிய தொமித்திலா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். மை மங்கியிருந்தாலும் எழுத்து தெளிவாகவே இருந்தது. கிராமத்தின் எல்லை, ஓடையின் இக்கரை வரை. ஓடை பண்ணையுடையது.

இனி என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். உங்கள் உயில் செல்லாது என்று முகத்துக்கு நேரே சொல்லி, வந்த கட்சிக்காரர்களையெல்லாம் எதிர்வீட்டு வக்கீலிடம் அனுப்பிய மனுஷன். நீதிபதியின் சட்டத் தவறை அவருக்கே படித்துக் காட்டியவர். ஒரே ஒரு தடவை, இந்த ஒரு தடவை, பொய் சொல்லித் தொலையுங்களேன் என்று அவர் முதுகுக்குப் பின்னால் கோட்டைப் பிடித்து இழுத்தாள். எலூதேரியோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முற்றத்தைப் பார்த்தார்.

"இருக்கு, ஜெனரல்," என்றார்.

தொமித்திலா மூச்சு விட்டாள். ஜெனரல் எழுந்து தொப்பியைக் கழற்றினார். அந்தப் பெரிய உடம்பு கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. நபோரை அவிழ்த்துவிடச் சொன்னார். பிறகு, "எங்கிட்டச் சொன்னாப் போதாதுங்கய்யா. ஆளுங்களுக்குப் படிங்க. நாளைக்கே போய் மடையைத் திறக்கறோம். பண்ணைக்காரன் அங்க இயந்திரத் துப்பாக்கி வச்சிருக்கான். பாதிப் பேரு திரும்ப மாட்டானுங்க. எதுக்குச் சாகறோம்னு காதால கேட்டுட்டுப் போகட்டும்," என்றார்.

பட்டயத்தைத் திறந்தால் மண்டியிடுவது அந்தக் கிராமத்து வழக்கம். முற்றத்தில் அறுபது பேர் தொப்பியைக் கழற்றிவிட்டு மண்டியிட்டார்கள். நபோர் மணிக்கட்டைத் தேய்த்தபடி அக்காவின் பக்கத்தில் வந்து நின்றான். எல்லோரையும் பார்த்து அவனும் மண்டியிட்டான்.

எலூதேரியோ படித்தார். வெள்ளைப் பாறையிலிருந்து, பட்ட மரத்திலிருந்து, கள்ளி வேலியிலிருந்து என்று எல்லைகள் ஒவ்வொன்றாக வந்தன. விரல் வரியோடு நகர்ந்தது. இக்கரை என்ற இடத்தில் விரல் நின்றது. குரல் நிற்கவில்லை. ஓடையும், அதன் இரு கரையும், அதில் ஓடும் நீரும், சந்ததி சந்ததியாக, என்று ராஜாவின் நடையிலேயே, ஒரு சொல் தடுமாறாமல், நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. முன்வரிசையில் சிலர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்கள். ஒருவன் தலையைத் தரையில் வைத்து அழுதான்.

"அத்தான் என்னக்கா படிக்கறாரு?" என்றான் நபோர் கிசுகிசுப்பாக.

தொமித்திலா, பட்டயத்தின் அந்த இடத்தில் அழுத்தி அழுத்தி வெளுத்துப்போயிருந்த அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.